மறுகா

டிப்போவில் கழித்துவிட்ட பஸ் டயர், ஆளுக்கொன்று.
இடுப்பில் வார், வாரில் நைலோன் கயிறு.
விடிய நாலரைக்கு
நாவலடி மணலில் இழுத்துக்கொண்டு போகிறோம்,
முகத்துவாரம் வரைக்கும்,
அங்கே தண்ணி குடித்துவிட்டுத்
திரும்பவும் டச்பார்.
ஒரு கறுப்பு நாய் பாதி வழி கூடவரும்.

தோணி தள்ள வந்த செயசீலன் அண்ணன்
முதல் கிழமை ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டாம் கிழமை:
"எங்க புள்ளையள் போறதுக்கு?"
தென்துருவத்துக்கு.
"அங்க என்ன மீன்?"
மீனுக்கில்ல அண்ணன், நடக்க.
"நடந்து?"
போய்ச் சேருவம்.
"மறுகா?"
மறுகா திரும்பி வருவம்.
அவர் டயரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்,
நாயையும் பார்த்தார்.
பீடியைப் பற்றவைத்தார்.

யசோதினி, இஃபாஸ், ஷெல்டன்.
போவது இந்த மூன்று பேர்.
நான் மேலதிகம்.
மூவரில் ஒருவர் விழுந்தால் நான்.
அதே டயர், அதே கயிறு, குதிக்காலில் அதே கொப்புளம்.
போன வியாழன் ஷெல்டன் மூன்று தரம் இருமினான்.
எண்ணியது நான்தான்.

குளிர் உடுப்புப் பொதி வந்த அன்று
ஷெல்டன் அதைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் நின்றான்.
அவனுடைய அம்மா ஒன்றும் பேசாமல்
மின்விசிறியை ஐந்தில் வைத்தா.

இரவு ஒன்பதுக்கு மேல்
ஐஸ் பக்டரியின் குளிர் அறை எங்களுக்கு, இரண்டு மணித்தியாலம்.
மைனஸ் பதினெட்டு.
சூரைப் பெட்டிக்கும் பாரைப் பெட்டிக்கும் நடுவில்
கையுறையோடு கூடாரக் கம்பி கோர்க்கிறோம்.
நாளுக்கு ஐயாயிரம் கலோரி வேண்டுமாம்.
இஃபாஸ் காத்தான்குடியிலிருந்து மஸ்கட் கொண்டுவந்தான்,
அரை மணியில் அது கல்.
தொதல் செங்கல்.
எள்ளுருண்டை மட்டும் எப்போதும்போல் இருந்தது,
அது வெளியிலும் கல்தானே.

சூரியன் மறையாத இடத்தில் மஃரிப் எத்தனை மணிக்கு?
இஃபாஸ் கொப்பியில் கணக்குப் போடுகிறான்.
நான் அவனுடைய முழங்கால் வீக்கத்தைப் பார்க்கிறேன்.

பனி என்று நான் அறிந்தது
மார்கழியில் தலைக்குத் துணி கட்டு என்று ஏச்சு வாங்கித்தருவது.
புல்லில் இருக்கும், ஏழு மணிக்கு இராது.
இரண்டு கிலோமீற்றர் தடித்துக் கிடப்பதற்கும்
அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.
தாங்குமா தெரியாது.

படிவம் பதினேழு பக்கம்.
பதினாலாம் கேள்வி:
உடலை மீட்க முடியாமற்போனால் யாருக்கு அறிவிக்க வேண்டும்?
ஷெல்டன் சிரித்துச் சிரித்து
பழைய காதலியின் பெயரை எழுதினான், வெட்டினான்.
யசோதினியின் அப்பா
அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.
தொண்ணூறில் அவருடைய தம்பி சைக்கிளில் போனவர்.
சைக்கிளும் வரவில்லை.
"முன்னமே கேக்கிறாங்க," என்றார்,
"நல்ல ஆக்கள்."
கையெழுத்தை மெதுவாகப் போட்டார்,
கடைசிப் புள்ளியை அழுத்தி.

நேற்று குளிர் அறைக் கதவைத் திறந்ததும்
கச்சான் முகத்தில் அடித்தது.
யசோதினியின் கண்ணாடி ஒரேயடியாய் வெள்ளை.
ஒன்றும் தெரியேல்ல, என்று நின்றாள்.
"துடைக்காத," என்றான் இஃபாஸ், "அங்க இப்படித்தானாம்,
வானமும் தரையும் ஒரே வெள்ளை. நடந்து பழகு."
நடந்தாள்,
லொறிகள் நிற்கும் முற்றத்தில்,
செதிலும் தண்ணியும் வழுக்க.
கயிற்றின் மற்ற முனை என் கையில்.
அவளுக்கு இடப்பக்கம் மூடியில்லாத கான்.

நான் ஒரு விநாடி ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாகவும் இருக்கலாம்.

மறுகா சொன்னேன்:
வலது புள்ள, வலதுக்கு வா.